சிறுவர்க்கேற்ற செய்யுள் நூல்கள்

மக்கட்குழவி முதன்முதற் கேட்கும் இலக்கியம் பாட்டே. எழுத்தறியுமுன், சொல்லறியுமுன், தாயின் தாலாட்டு அதன் செவியிற் புகுகின்றது. அதன் பொருள் இன்னதென அக்குழவி அறியாது, ஆயினும் அழுகை ஓய்கின்றது, கண் துயில்கின்றது. ஓசையே அங்குப் பொருளாய் நின்று தொழில் செய்கின்றது. சிறிது வளர்ந்தபின் முற்றத்தில் நிலவு காணும்போதும், சோறுண்ண மறுக்கும்போதும், தெருவில் ஒத்த வயதினரொடு கண்ணாமூச்சி ஆடும்போதும் பாட்டு அதனை விடாது தொடர்கின்றது. ஆகவே, பள்ளி புகும் நாளில் குழந்தை பாட்டிற் பழகிய செவியொடுதான் வருகின்றது. அங்ஙனம் வந்த குழந்தை, பத்தாண்டு கழித்துப் பள்ளியை விட்டு நீங்கும்போது, செய்யுள் என்னுஞ் சொல்லைக் கேட்ட அளவில் முகஞ்சுளிக்குமாயின், இடையில் நேர்ந்தது யாது? குழந்தையிடத்துக் குறை இருந்ததென்று கூறல் இயலாது. அதன் கையிற் கொடுக்கப்பட்ட நூலிலும், கொடுத்த முறையிலுமே குறை இருத்தல் வேண்டும்.

இதனை ஆராய்தல் நமக்கு இன்றியமையாதது. நம் கல்லூரியிற் பயில்வாருட் பலர் நாளை ஆசிரியராவர். முன்னரே ஆசிரியராய் விளங்கும் பழைய மாணவரும் பலர். சிற்றூர்ப் பள்ளியொன்றில் நூல்கள் வைக்கும் பேழையைத் திறந்து பார்ப்பின், கதை நூல்களுக்கும் பயிற்சி நூல்களுக்கும் இடையே பாட்டு நூல் மூன்றோ நான்கோ கிடத்தல் காணலாம். வீட்டில் நூல் வாங்கும் வழக்கமில்லாத குழந்தைக்கு அம்மூன்று நான்கே பாட்டுலகம் முழுவதும். நூற்பட்டியல் எழுதும் ஆசிரியர் தம் எழுதுகோலின் ஒரு வரியால் அக்குழந்தைக்கு ஒரு வாயிலைத் திறக்கவும் கூடும், அடைக்கவும் கூடும். ஆதலின் விலை மலிவு, அட்டைப் பொலிவு, விற்பனையாளர் சொல் என்பவற்றை மட்டுங்கொண்டு நூலைத் தெரிந்தெடுத்தல் சிறிதும் பொருந்தாது.

முதற்கண் ஒரு வேறுபாட்டினைத் தெளிதல் வேண்டும். குழந்தையைப் பற்றிய பாட்டு வேறு. குழந்தைக்குரிய பாட்டு வேறு. தமிழில் முன்னது மிகப் பெரிது. திருவள்ளுவர் மக்கட்பேற்றுக்கு ஓர் அதிகாரம் வகுத்தார். புறநானூற்றின் 188ஆம் பாட்டில் பாண்டியன் அறிவுடைநம்பி மக்களில்லாத வாழ்வின் வெறுமையைப் பாடினான். காப்பு, செங்கீரை, தால், சப்பாணி, முத்தம் என்றாங்குப் பத்துப் பருவங்களாக அமைந்த பிள்ளைத்தமிழ், குழந்தையின் ஒவ்வோர் அசைவினையும் போற்றிப் பாடுகின்றது. குமரகுருபரரின் மீனாட்சியம்மை பிள்ளைத்தமிழ் அவற்றுள் தலைசிறந்து நிற்பதொன்று. ஆயினும் இவையெல்லாம் குழந்தையைக் கண்டு மகிழும் பெரியோருக்காகப் பெரியோர் பாடியவை. தாய் தன் மகவை நோக்கி உருகுதல் மகவுக்கு விளங்கும் உணர்ச்சியன்று. இவ்வேறுபாட்டினை மறந்து, பாட்டில் குழந்தை வருகின்றது என்னும் ஒன்றே கொண்டு அதனைச் சிறுவர் தொகுப்பிற் சேர்ப்பாரும் உளர். அட்டையில் 'சிறுவர் பாடல்' என்று அச்சிட்டிருத்தல் மட்டும் சான்றாகாது. உள்ளே பேசுபவர் யார், கேட்பவர் யார் என்று பார்த்தல் வேண்டும்.

இவ்விரண்டிற்கும் வேறாக மூன்றாவது ஒன்று உண்டு. அது குழந்தையைத் திருத்துதற்கென எழுந்த பாட்டு. நம் நாட்டுத் திண்ணைப்பள்ளிகளிற் பெரிதும் வழங்கியது இதுவே. பிற்கால ஔவையாரின் ஆத்திசூடி, கொன்றை வேந்தன், மூதுரை, நல்வழி, அதிவீரராம பாண்டியரின் வெற்றிவேற்கை, உலகநாதரின் உலகநீதி என்பன இவ்வகையின. நீதி கூறும் நூலெல்லாம் சிறுவர்க்குக் கசக்கும் என்று ஒருவர் கூறுவராயின், இவை பல தலைமுறையாக நாவிலும் நெஞ்சிலும் நின்று நிலவும் காரணத்தை அவர் கூறல் வேண்டும். யாம் கருதுமாறு, இவை நின்றது நீதியால் மட்டும் அன்று, யாப்பால். ஆத்திசூடியை நோக்குக. அகர முதலாக எழுத்து வரிசையில் ஒவ்வோர் அடியும் தொடங்குகின்றது. ஓரடிக்கு இரண்டு மூன்று சொற்களே உள்ளன. எழுத்தைக் கற்கும் குழந்தை எழுத்தொடு அடியையும் கற்கின்றது; அடுத்த எழுத்து அடுத்த அடியைத் தானே கைப்பிடித்து அழைத்து வருகின்றது. மறதிக்கு அங்கு இடமேயில்லை. ஙகரத்தை முதலாகவுடைய சொல் தமிழில் வழக்கின்மையின், அவ்வெழுத்து வருமிடத்து வரிசை முறிய வேண்டுமே என்று நாம் எண்ணுகின்றோம். ஔவையாரோ அவ்வெழுத்தையே உவமையாக்கிச் சுற்றத்தைத் தழுவுதற்கு ஓர் அடி சமைத்துவிட்டார். கல்வியும் விளையாட்டும் அவ்வோரடியில் ஒன்றாயின. உலகநீதியும் அவ்வாறே. அதன் அடிகள் பலவும் 'வேண்டாம்' என்னுஞ் சொல்லில் முடிகின்றன. உரைநடையில் ஒரே மூச்சில் இத்தனை தடை கூறின் எக்குழந்தை பொறுக்கும்? மீண்டும் மீண்டும் வந்து விழும் அவ்வொலியே தடையைத் தாளமாக்கிவிட்டது.

ஆனால் யாப்பின் துணையிருந்தும் நீதிப்பாட்டுக்கு நேரக்கூடிய ஓர் இடர் உண்டு. அதற்குச் சான்று ஆங்கில இலக்கியத்திற் கிடைக்கின்றது. ஐசக் வாட்ஸ் என்னும் பெரியாரை நம் திருச்சபைகள் நன்கறியும்; அவர்தம் ஞானப்பாட்டுக்கள் மொழிபெயர்ப்பாய் இன்றும் நம் ஆலயங்களில் ஒலிக்கின்றன. அவர் 1715இல் சிறுவர்க்கெனத் தெய்விகப் பாடல் நூலொன்று வெளியிட்டார். தேனீயின் உழைப்பைக் காட்டிச் சோம்பலைக் கடியும் பாட்டு அதனுள் ஒன்று. பாட்டு இனியதே, நோக்கமும் தூயதே. ஆயினும் தலைமுறை தலைமுறையாகச் சிறுவரை எழுப்பி நிறுத்தி அதனை ஒப்புவிக்கச் செய்தமையால் அதன் இனிமை தேய்ந்தது. 1865இல் லூயிஸ் காரல் எழுதிய ஆலிஸ் கதையில், அச்சிறுமி அப்பாட்டைச் சொல்ல முயல்கின்றாள். வாயில் வருவதோ உழைக்கும் தேனீயன்று, மீன் விழுங்கும் முதலை! நாடே சிரித்தது. அச்சிரிப்பு வாட்ஸ் பெருமானை நோக்கி எழுந்ததன்று. பாட்டைப் பிரம்பாக்கிய பள்ளி முறையை நோக்கி எழுந்தது என்றே யாம் கொள்வோம். அடிக்கும் கோலாகப் பயன்பட்ட பாட்டைக் குழந்தை ஒருநாள் முறித்தெறிந்தே தீரும்.

பின் சிறுவர்க்கேற்றது எத்தகைய பாட்டு? 1885இல் ராபர்ட் லூயி ஸ்டீவன்சன் வெளியிட்ட சிறுவர் பாட்டு நூலில் ஒரு மாற்றம் புலப்படுகின்றது. அங்குப் பேசுபவன் குழந்தையே. படுக்கை அவனுக்குத் தோணியாகின்றது. தன் நிழல் அவனுக்கு வியப்பாகின்றது. பெரியவர் விரல் நீட்டி நிற்கவில்லை. தமிழிலும் இம்மாற்றம் சிறிது பின்னர் வந்தது. பாரதியார் (1882–1921) பாப்பாவை அழைத்துப் பாடிய பாட்டில் அறிவுரை நிரம்ப உண்டு. எனினும் ஓடி விளையாடுதலே அங்கு முதலிடம் பெறுகின்றது. காக்கையும் குருவியும் பசுவும் நாயும் அக்குழந்தையின் தோழராய் வந்த பின்னரே அறம் வருகின்றது. கவிமணி தேசிக விநாயகம் பிள்ளை (1876–1954) ஆசிரியராய்ப் பணியாற்றியவர். வகுப்பறையின் செவி எத்தகையதென்று அறிந்தவர். எளிய சொல்லும் தெளிந்த ஓசையும் அவர் பாட்டின் இயல்பு. பாவேந்தர் பாரதிதாசனும் (1891–1964) பள்ளியாசிரியரே. இளைஞர் இலக்கியம் என்னும் நூலைச் சிறார்க்கென ஆக்கினார். அழ. வள்ளியப்பா (1922–1989) வங்கியில் அலுவல் பார்த்துக்கொண்டே குழந்தைப் பாட்டொன்றனையே தம் வாழ்வின் தொண்டாகக் கொண்டார். 1950இல் குழந்தை எழுத்தாளர் சங்கம் தோன்ற முன்னின்றார். அவர்தம் மலரும் உள்ளம் இருக்கவேண்டிய பள்ளியில் இல்லையெனில், அப்பள்ளியின் பேழையில் ஒரு குறை உண்டு என்றே கூறல் வேண்டும்.

இனி, ஒரு நூல் கையில் வந்தவழி அதனைத் தேரும் முறையைக் கூறுவோம். முதலாவது தேர்வு செவித்தேர்வு. வள்ளுவர் கல்வி, கல்லாமை என்னும் இரண்டு அதிகாரங்களை அடுத்துக் கேள்வியை 42ஆம் அதிகாரமாக வைத்தமை நாம் அறிந்ததே. நூலைக் கண்ணாற் புரட்டுதல் போதாது. ஏதேனும் ஐந்து பாட்டுக்களை வாய்விட்டுப் படித்தல் வேண்டும். அடிதோறும் முதலெழுத்து ஒன்றுதலாகிய மோனையும், இரண்டாமெழுத்து ஒன்றுதலாகிய எதுகையும், அடியிறுதி ஒன்றுதலாகிய இயைபும் இயல்பாய் வந்துள்ளனவா, இழுத்துக் கட்டப்பட்டுள்ளனவா என்பதை நா உடனே அறிவிக்கும். விளக்கத்தின்பொருட்டு யாமே இரண்டு சிற்றடிகள் புனைந்து காட்டுவோம்:

மழைநீர் தன்னைச் சேமிப்பீர்
மாண்பாய் வாழ்வு பெற்றிடுவீர்

இதில் மோனை உண்டு, இயைபு உண்டு, சீரும் குறையவில்லை. ஆயினும் இது பாட்டன்று. சுவரில் எழுதும் அறிவிப்பு. 'தன்னை' என்பதும் 'இடு' என்பதும் சீரை நிரப்ப வந்தனவேயன்றிப் பொருள் நிரப்ப வந்தனவல்ல. ஆறு வயதுக் குழந்தையை நோக்கிச் 'சேமிப்பீர்' என்று பேசுவார் உலகில் யாருமிலர். மழையும் இதிற் பெய்யவில்லை. இனி மற்றொன்று:

கொட்டும் மழையிற் குளக்கரையில்
குட்டித் தவளை குடைகேட்கும்

இதுவும் பெரிய பாட்டன்று. எனினும் எதுகையும் மோனையும் வலிந்து வரவில்லை. மழையின் ஒலி அடியிற் கேட்கின்றது. ஒரு காட்சி கண்முன் நிற்கின்றது. தவளைக்குக் குடை ஏன் என்று குழந்தை சிரிக்கின்றது. சிரித்த குழந்தை மூன்றாம் அடியைத் தானே கட்ட முற்படும். நல்ல சிறுவர் நூலுக்கு அடையாளம் இதுவே: படித்து முடித்த குழந்தை மேலும் பாட விரும்புதல்.

இரண்டாவது, சொல்லைப் பற்றிய தேர்வு. அரிய சொல் ஒன்றும் இருத்தல் கூடாதென்பார் சிலர். யாம் அதற்கு உடன்படோம். குழந்தை நாடோறும் புதுச் சொற்களைக் கேட்டே மொழியைக் கற்கின்றது. ஒரு பாட்டில் ஓர் அரிய சொல், ஓசை இனிதாய்ப் பொருட்சூழல் தெளிவாய் இருக்குமிடத்து, குழந்தைக்குப் பரிசாகும். விலக்கத்தக்கது அரிய சொல்லன்று, வெற்றுச் சொல். உலகில் வழங்காத கொஞ்சுமொழியும், குழந்தைக்கென்று செயற்கையாய்க் குறுக்கிய மழலையும் அவ்வாறே விலக்கத்தக்கன. குழந்தை தன் மழலையைத் தான் விட்டு மேலேற முயலுகின்றது. பெரியோர் அதனைப் பிடித்துக் கீழே இழுத்தல் முறையன்று.

மூன்றாவது, உணர்ச்சிகளின் பரப்பு. நூல் முழுதும் அறிவுரையே நிரம்பியிருப்பின் அதனை வாங்காதொழிக. முழுதும் வேடிக்கையே எனினும் குறைவுடையதே. நகை, வியப்பு, இரக்கம், அச்சம், வீரம் ஆகிய எல்லாம் சிறுவர்க்கும் உண்டு. விடுகதையைப் பாட்டென்று கருதாது தள்ளுவாரும் உளர். தொல்காப்பியர் செய்யுளியலிற் பாட்டு, உரை, நூல் முதலியவற்றோடு பிசியையும் ஒன்றாக எண்ணினார், பிசியென்பது விடுகதையே. நம் ஊர்ப் பாட்டிமார் வாயில் வழங்கும் விடுகதைத் தொகுப்பொன்று வகுப்பிற்கு மிக்க உயிர் தரும். துயரத்தைச் சிறுவர்க்குக் காட்டலாகாது என்னும் எண்ணமும் தவறே. புறநானூற்றின் 112ஆம் பாட்டு ஐந்தே அடி. சென்ற திங்களின் நிலவில் தந்தையும் குன்றும் தமக்கிருந்தமையையும், இத்திங்களின் நிலவில் இரண்டும் இழந்தமையையும் பாரி மகளிர் கூறும் பாட்டு அது. பன்னிரண்டு வயதுச் சிறுமிக்கு அதனை விளக்க நீண்ட உரை வேண்டா. தந்தையை இழந்த குழந்தை ஒவ்வொரு வகுப்பிலும் ஒன்றேனும் இருக்கக்கூடும். தன் துயரம் ஈராயிரம் ஆண்டுக்கு முன் இருவர் சொல்லி வைத்த துயரம் என்று அக்குழந்தை அறிதல் சிறிய ஆறுதலன்று. அதனையும் பாட்டே தருதல் கூடும்.

நான்காவது, பாடத்தின் தூய்மை. பாட்டை வெட்டியும் மாற்றியும் பதிப்பித்த நூல்களை விலக்குதல் வேண்டும். ஆக்கியோன் பெயரின்றிப் பாட்டை அச்சிடுதல் குழந்தைக்குக் களவைக் கற்பிப்பதற்கு ஒப்பாகும். பாரதியார் நூல்களின் உரிமையை அரசு 1949இல் வாங்கிப் பின்னர் மக்களுக்கே பொதுவாக்கியது. அதனால் மலிவுப் பதிப்புக்கள் பல வந்தன, அது பெரும்பேறே. ஆயினும் யார் வேண்டுமாயினும் பதிப்பிக்கலாம் என்னும் நிலையில், பிழை மலிந்த பதிப்பும் உடன் வரும். இரண்டு பதிப்புக்களை ஒப்பிட்டுப் பார்த்து வாங்குதல் ஆசிரியர் கடன்.

இவ்விடத்து நம் போன்ற கிறிஸ்தவ நிறுவனங்களிற் பயில்வார் மனத்தில் எழும் ஒரு வினாவை மறைக்காது எடுத்துரைத்தல் தகும். உலகநீதியின் பாட்டுக்கள் பலவும் முருகனை வாழ்த்துமாறு நெஞ்சை நோக்கிக் கூறி முடிகின்றன. கிறிஸ்தவப் பள்ளியில் அவ்வீற்றடிகளை நீக்கிக் கற்பிக்கலாமா? கூடாது என்பதே எம் துணிபு. ஈற்றடி போயின் விருத்தத்தின் கால் ஒடிந்துவிடும் என்பது ஒரு காரணம். அதனினும் பெரிய காரணம் உண்டு. எச். ஏ. கிருஷ்ணபிள்ளை (1827–1900) வைணவக் குடியிற் பிறந்து, இளமையிலே கம்பர் கவியிற் றோய்ந்து, பின்னர்க் கிறிஸ்துவை ஏற்றவர். பனியன் எழுதிய நூலைத் தழுவி அவர் பாடிய இரட்சணிய யாத்திரிகம் 1894இல் வெளிவந்தது. அதன் விருத்தங்களிற் கம்பர் ஓசை ததும்புதலை யாரும் மறுக்கார். அவ்விளமையில் ஒருவர் வந்து, இப்பாட்டு உனக்காகாது என்று கம்பரைப் பறித்திருப்பின், நமக்கு இரட்சணிய யாத்திரிகம் கிடைத்திருக்குமா? தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் (1774–1864) பெத்லகேம் குறவஞ்சி பாடியதும், கோயில் தெய்வங்களைப் பாடிய குறவஞ்சி நூல்கள் முன்னரே தமிழில் இருந்தமையாலன்றோ? பிறர் வழிபாட்டை மதித்துக் கேட்டலால் நம் வழிபாடு குறைவதில்லை. இஃது இப்புலவர் தம் தெய்வத்தை வாழ்த்தும் வாழ்த்து என்று ஆசிரியர் ஒரு சொற் கூறின் போதும். குழந்தை அதனை எளிதில் உணர்ந்துகொள்ளும். பாரதியார் தம் புதிய ஆத்திசூடியின் காப்பில், சிவனையும் திருமாலையும் கூறி, முகமது நபிக்கு மறையருளியவனையும் இயேசுவின் தந்தையையும் உடன்கூறி, பொருள் ஒன்றே என நிறுவுகின்றார். அப்பெருமனத்தை அவர் பாட்டிற் புகழ்ந்துவிட்டு, நம் வகுப்பறையில் வாயிலைச் சாத்துதல் எங்ஙனம் பொருந்தும்?

இதன் மறுபுறமும் உண்டு. நம் சமயத்தார் பாடியது என்னும் ஒன்றே கொண்டு ஒரு பாட்டு நல்ல பாட்டாகிவிடாது. ஞாயிற்றுப்பள்ளிகளிலும் பிற இடங்களிலும் வழங்கும் சிறுவர் பாட்டுக்களுட் சில, பிறமொழி இசைக்குத் தமிழ்ச் சொற்களை நெருக்கி அடைத்தவை. குறிலிருக்க வேண்டிய இடத்து நெடிலும், நெடிலிருக்க வேண்டிய இடத்துக் குறிலும் நின்று இடர்ப்படும். பக்தி அவற்றிற்குப் பரிந்து பேசினும் செவி பேசாது. அவற்றையும் மேற்கூறிய அதே தேர்வுக்கு உட்படுத்துதல் வேண்டும். ஆண்டவருக்குப் படைக்கும் பாட்டு பழுதுடையதாய் இருத்தல் ஆகாது. மாயூரம் முன்சீப் வேதநாயகம் பிள்ளை (1826–1889) 1859இல் வெளியிட்ட நீதிநூல், கிறிஸ்தவர் ஒருவர் பாடியதாயினும் எல்லாச் சமயத்தாரும் ஏற்கத்தக்கது. அறத்தொடு நகையும் கலந்தது. உயர்வகுப்புச் சிறுவர்க்கு அதிலிருந்து சில விருத்தங்களைத் தெரிந்து கொடுக்கலாம்.

ஐந்தாவது, அச்சமைப்பு. பழைய பதிப்புக்களிற் சந்தி பிரியாது சீர் முறையில் அடிகள் அச்சிடப்பட்டிருக்கும். புலவர்க்கு அது தகும். பத்து வயதுக் குழந்தைக்குச் சுவர்போல் நிற்கும். பதம் பிரித்தும், ஓசை கெடாதவாறும் அமைத்த பதிப்பே வேண்டும். எழுத்துப் பெரிதாயும், பாட்டைச் சுற்றி வெற்றிடம் மிகுதியாயும் இருத்தல் நன்று. அரும்பொருள் குறிப்பு வேண்டுமாயின் நூலின் இறுதியில் இருக்கட்டும். பாட்டின் கீழேயே பொருளும் வினாவும் பயிற்சியும் நெருங்கி நிற்பின் குழந்தையின் கண் பாட்டில் நில்லாது. படம் பாட்டுக்கு விளக்காதல் வேண்டுமேயன்றித் திரையாதல் கூடாது. தவளையைப் படமே முழுதும் காட்டிவிடின், குழந்தை தன் மனத்தில் தவளையைத் தீட்டாது.

இனிப் பருவத்துக்கேற்ற வரிசையைச் சுருங்கக் கூறுவோம். முதல் மூன்று வகுப்புக்களுக்குக் குறுகிய அடியும் மிகுந்த இயைபும் உடைய சந்தப்பாட்டு, விளையாட்டுப் பாட்டு, விலங்கு பறவைகளைப் பற்றிய பாட்டு என்பன பொருந்தும்; ஆத்திசூடியும் அவற்றொடு எழுத்து விளையாட்டாய்ச் செல்லலாம். நான்கு ஐந்தாம் வகுப்புக்களுக்குக் கதைப்பாட்டும் விடுகதையும் ஏற்றன. பின்னர் என்ன நிகழ்ந்தது என்னும் ஆவல் நீண்ட பாட்டையும் சுமக்கச் செய்யும். ஆறு முதல் எட்டு வரை, 30 வெண்பாக்களையுடைய மூதுரையும், 40 வெண்பாக்களையுடைய நல்வழியும் தக்க இடம் பெறும். மூதுரை வெண்பாக்களில் அறத்தை ஓர் உவமை தாங்கி நிற்பதும், அவ்வுவமை மரமும் நீரும் கொக்குமாகிய குழந்தை அறிந்த உலகிலிருந்து வருவதும் காண்க. ஔவையாரின் ஆத்திசூடியையும் பாரதியாரின் புதிய ஆத்திசூடியையும் அருகருகே வைத்து, ஒரே யாப்பில் இரண்டு காலங்கள் பேசுதலைக் காட்டுதற்கும் இதுவே பருவம். ஒன்பது பத்தாம் வகுப்பினர் குறளையும், சிறிய புறப்பாட்டுக்களையும், கம்பரின் தெளிந்த விருத்தங்களையும் ஏற்கும் வலியுடையர். இவ்வரிசை ஏணி போல்வது. ஒரு படியை விட்டால் மேற்படி எட்டாது.

நூல் நல்லதாயினும் அதனைக் கொடுக்கும் முறை நல்லதாதல் வேண்டும். பாட்டை ஆசிரியர் முதலிற் பாடியோ, இசையொடு படித்தோ காட்டுக. இரண்டாம் முறை மாணவர் உடன்பாடுக. மூன்றாம் முறைக்குப் பின்னரே பொருளைப் பற்றிய பேச்சு எழுக. அதுவும் மாணவர் வாயிலாகவே எழுதல் சிறப்பு. இந்நாளிற் கைப்பேசித் திரையிற் பாட்டு ஓடுகின்றது. குழந்தையும் அதனை நோக்கி அசையாதிருக்கின்றது. ஆயினும் திரை குழந்தையின் குரலைக் கேளாது. அது தவறுமிடத்து நின்று காத்திராது. அதனைச் செய்யவல்லவர் ஆசிரியரும் பெற்றோருமே.

மனப்பாடத்தைப் பற்றியும் ஒரு சொல். அதனை முற்றும் இழித்துரைத்தல் இக்கால வழக்கு. யாம் அதனை இழித்துரையோம். ஏடும் அச்சும் அரிதாயிருந்த காலத்துத் தமிழ்ச்செய்யுளை நெஞ்சமே காத்தது. விரும்பிக் கற்ற பாட்டு முதுமைவரை துணைவரும். நோயிலும் தனிமையிலும் வேறு நூல் எட்டாதபோது அது நெஞ்சிலிருந்து எழுந்து பேசும். தீங்கு மனப்பாடத்தில் இல்லை. விருப்பமில்லாப் பாட்டை மதிப்பெண்ணுக்காக மனப்பாடம் செய்வித்தலில் உள்ளது. இதற்கு எளிய வழி ஒன்றுண்டு. வகுப்பிற் படித்த பத்துப் பாட்டுக்களுள் தமக்கு உவந்த இரண்டினைத் தாமே தெரிந்து நெஞ்சிற் கொள்ளுமாறு மாணவரிடம் விடுக. தெரிந்தெடுக்கும் உரிமை பெற்ற குழந்தை மற்ற எட்டினையும் ஊன்றிப் படிக்கும். படியாது தெரிந்தெடுத்தல் இயலாதன்றோ?

இதுகாறுங் கூறியவற்றைத் தொகுத்து நோக்குவோம். சிறுவர் பாட்டு நூலைத் தெரிந்தெடுப்பார், அது குழந்தையை நோக்கிப் பேசுகின்றதா என்பதை முதலிற் காண்க; பின் வாய்விட்டுப் படித்துச் செவியை வினவுக; வெற்றுச் சொல்லையும் வெட்டுண்ட பாடத்தையும் விலக்குக; நகையும் துயரும் வியப்பும் அறமும் கலந்த தொகுதியை நாடுக; பருவம் அறிந்து படிப்படியே கொடுக்க. இவற்றுள் ஒன்றும் பெரும்பொருட் செலவை வேண்டுவதன்று. அரைநாட் பொழுதையும் சிறிது அன்பையுமே வேண்டுவது. கல்லூரியில் தொல்காப்பியமும் கம்பரும் ஓதி வெளியேறும் நாம், அவ்வறிவினை நம் ஊர்ப்பள்ளியின் சிறிய பேழைக்குப் பயன்படுத்தாவிடின், அது கிணற்றடியிற் கிடக்கும் கயிறில்லாக் குடத்தினை ஒக்கும். வரும் விடுமுறையில் ஒவ்வொருவரும் தாம் பயின்ற தொடக்கப்பள்ளிக்குச் சென்று, அதன் பேழையைத் திறந்து, அங்குள்ள பாட்டு நூல்களை ஒருமுறை வாய்விட்டுப் படித்துப் பார்ப்போமாக. குறை காணின், ஒரு நல்ல நூலையேனும் அங்கு வைத்து மீள்வோமாக. அந்நூலை முதலிற் றிறக்கும் சிறு கை யாருடையதென்று நாம் அறியோம். ஆயினும் அக்கைக்குரிய செவி பாட்டை எதிர்நோக்கியே இருக்கின்றது என்பதை மட்டும் அறிவோம்.